யனோமாமி மக்களைப் பற்றி ஒரு மாலை அமர்வை நடத்துவது எப்படி: திருகோணமலை வாசிகசாலை ஒன்றின் அனுபவத்திலிருந்து

ஓகஸ்ட் மாதம் 9 ஆம் திகதி உலக பூர்வகுடி மக்கள் தினமாகும். அதனை ஒட்டி, தரம் 9 முதல் 11 வரையான மாணவர்களுக்காக, அமேசன் காட்டில் வாழும் யனோமாமி மக்களைப் பற்றிய இரண்டு மணிநேர அமர்வை எங்கள் வாசிகசாலையில் இரண்டு ஆண்டுகள் நடத்தினேன். முதலாம் ஆண்டு நடத்தியது தோல்வி. மெலிந்து எலும்பாகிய குழந்தைகளின் படங்களோடு தொடங்கி, நோய், தங்கம், சாவு என்று அடுக்கிக்கொண்டே போனேன். முடிவில் என்ன விளங்கியது என்று கேட்டபோது, முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி "பாவம் சேர்" என்றாள். அதற்கு மேல் எவராலும் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் எதை இழக்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னால், பிள்ளைகளிடம் எஞ்சுவது அந்த ஒரு சொல்தான். இரண்டாம் ஆண்டு வீட்டிலிருந்து தொடங்கினேன். கீழே தருவது அந்த இரண்டாவது முறையாகும்.

வேண்டிய பொருட்கள் மிகக் குறைவு: ஐந்து மீற்றர் கயிறும் ஒரு முளைக்கட்டையும், கோலமா ஒரு பொதி, ஆளுக்கொன்றாகச் சிறு கச்சான் (நிலக்கடலை) பொதிகள், இரண்டு கைப்பிடி மஞ்சாடி விதைகள், ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்த இரண்டு வரைபடங்கள், சில டிமை தாள்கள் (பெரிய வரைதாள்கள்). ஓகஸ்டில் பிற்பகல் ஆனதும் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று மண்டபத்துக்குள் புகுந்து சுவரில் ஒட்டிய அனைத்தையும் பிய்த்தெறியும் என்பதால், தாள்களை ஒட்டுவதைக் காட்டிலும் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைப்பது நல்லது.

வட்டம் வரையுங்கள்

முற்றத்தின் நடுவே முளையை அறைந்து, கயிற்றைப் பிடித்தபடி ஒரு மாணவனைச் சுற்றிவரச் செய்து, கோலமாவால் வட்டம் இடுங்கள். அதற்குள் இன்னொரு சிறிய வட்டம். இரண்டுக்கும் இடைப்பட்ட வளையம்தான் கூரை; உள்வட்டம் வானம் பார்த்த வெளி. யனோமாமி மக்களின் கூட்டு வீடு இத்தகையது. வெனிசுவேலாப் பக்கத்தில் இதனை ஷபோனோ என்றும், பிரேசிலில் யானோ என்றும் அழைக்கிறார்கள். ஒரு கிராமம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது. பெரிய வீடுகளில் நானூறு பேர் வரை இருப்பதுண்டு. வளையத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடுப்பு, அதைச் சுற்றித் தூண்களில் கட்டிய தூங்குமஞ்சங்கள். நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையைப் பெரியவர்களுக்கும் கட்டினால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், உடனே விளங்கிவிடும். நடுவெளி எல்லோருக்கும் பொது: விருந்து, ஆட்டம், சடங்கு, குழந்தைகளின் விளையாட்டு யாவும் அங்கேயே நடக்கின்றன.

மாணவர்களைக் குடும்பங்களாகப் பிரித்து வளையத்தில் அமர்த்துங்கள். ஒரு நிமிடத்துக்குள் கேள்விகள் தாமாகவே வரும். எங்களிடம் முதலில் வந்தது "சுவர் இல்லையென்றால் களவு போகாதா?" என்பது. பொருளைச் சேர்த்து வைப்பதைக் காட்டிலும் கைமாற்றிக் கொடுப்பதே அங்கு மதிப்புக்குரியது, ஒருவர் இறந்தால் அவர் பயன்படுத்திய பொருட்களை அழித்துவிடுகிறார்கள், ஆகவே களவெடுக்கவோ சொத்துக்காக வழக்காடவோ அதிகம் எதுவும் எஞ்சுவதில்லை என்று பதில் சொன்னேன். அடுத்த கேள்வி தலைவர் யார் என்பது. ஆணையிட்டு அடிபணியவைக்கும் தலைவர் அங்கு இல்லை. சொல் எடுபடக்கூடிய மூத்தோர் இருக்கிறார்கள். அவர்கள் நீண்ட நேரம் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், விருப்பமில்லாதவர் ஒத்துப்போக வேண்டியதில்லை. பிணக்குத் தீராவிட்டால் ஒரு பகுதியினர் பிரிந்துபோய் வேறிடத்தில் புதிய வட்டம் கட்டுவார்கள். நம் ஊர்களில் கோயில் நிர்வாகசபை இரண்டாகப் பிளவுபடுவதை இதற்கு உவமையாகச் சொல்ல எனக்கு ஆசை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கூரை இலையால் வேய்ந்தது. கிடுகு வேய்ந்த வீட்டில் வளர்ந்த பாட்டி ஒருவரை அழைத்து, கிடுகு எத்தனை ஆண்டு தாங்கும், அதற்குள் என்னென்ன குடிபுகும் என்று சொல்லச் செய்தால், யனோமாமி மக்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வீட்டைக் கைவிட்டுப் புதிதாகக் கட்டுவது ஏன் என்பதை நீங்கள் விளக்க வேண்டியதேயில்லை.

சேனையும் கச்சானும்

உணவைப் பற்றிச் சொல்லும்போது வேட்டையில் தொடங்காதீர்கள். அம்பும் வில்லும், அம்பு முனையில் தடவும் குராரே நஞ்சும் மாணவரைக் கவரும். ஆனால் அவர்களுடைய உணவில் பெரும்பங்கு தோட்டத்திலிருந்தே வருகிறது. காட்டின் ஒரு துண்டை வெட்டி, எரித்து, வாழை, மரவள்ளி, வற்றாளை, பப்பாசி, கரும்பு, பருத்தி, புகையிலை போன்றவற்றை நடுகிறார்கள். சில ஆண்டுகளில் மண் களைத்ததும் அதை விட்டு நகர்கிறார்கள். காடு அதை மீண்டும் மூடிக்கொள்கிறது. இது நம் சேனைப் பயிர்ச்செய்கைதான். பாடநூலில் சேனை பெரும்பாலும் காடழிப்பு என்ற தலைப்பின் கீழ் வருவதால், இங்கே சற்று நிதானிக்க வேண்டும். சேனை காட்டை அழிப்பது, தரிசாக விடும் காலம் குறுகி, அதே நிலத்துக்கு மிக விரைவில் திரும்ப வேண்டிய நிலை வரும்போதுதான். போதிய நிலம் இருந்தால் காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. இந்த ஒரு கருத்தை அழுத்திப் பதிய வைத்துவிடுங்கள். பின்னர் வரப்போகும் மிகக் கடினமான கேள்விக்கு இதுவே விடை.

தோட்ட வேலையிலும், காய், கொட்டை, புழு, நண்டு முதலியவற்றைச் சேகரிப்பதிலும் பெண்களின் பங்கு பெரிது. மீன்பிடிக்கும் முறையொன்று இங்குள்ள பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது: குறித்த சில கொடிகளை அடித்து நசுக்கி ஓடைநீரில் அலசினால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும், ஆண், பெண், சிறுவர் எல்லோருமாகக் கூடையில் அள்ளுவார்கள்.

இப்போது கச்சானைப் பகிருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொதி. ஆனால் தன் பொதியைத் தான் தின்னக்கூடாது, பிறருக்குக் கொடுக்க மட்டுமே செய்யலாம், பிறர் தருவதை மட்டுமே தின்னலாம். யனோமாமி வேட்டைக்காரர் தாம் கொன்ற விலங்கின் இறைச்சியைத் தாம் உண்பதில்லை. முழுவதையும் பகிர்ந்துவிட்டு, மற்றவர் கொண்டுவந்ததை உண்பார். எங்கள் அமர்வில் ஒரு பையன் தன் பொதியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தபடி, யாராவது தரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தான். நான்கு நிமிடமாக எவரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. பின்னர் பக்கத்திலிருந்த சிறுமிக்குப் பொதியை நீட்டினான். எங்கிருந்தெல்லாமோ கைகள் அவன் பக்கம் நீண்டன. நான் எதையும் விளக்கவில்லை. நீங்களும் விளக்காதீர்கள்.

எந்தச் சொல், எந்தப் படம்

'யனோமாமி' என்ற சொல்லுக்கு மனிதர் என்பதே பொருள். காட்டுமிராண்டி, கற்கால மனிதர், நாகரிகம் அடையாதவர் போன்ற சொற்கள் அமர்வில் எழுந்தால், கடிந்துகொள்ளாமல், அச்சொற்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைச் சொல்லுங்கள். 1960களில் இம்மக்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் நெப்போலியன் சாக்னொன் அவர்களைக் கொடூரமானவர்கள் என்று வர்ணித்தார். அவர்களிடையே பழிவாங்கும் தாக்குதல்கள் நடந்ததுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு மக்களின் முழு வாழ்வையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்ததைப் பல மானிடவியலாளர்கள் கடுமையாக மறுத்தார்கள். நிலத்தைத் துண்டாட விரும்பியவர்களுக்கு அந்தச் சொல் வசதியாகவும் போய்விட்டது.

படங்களில் மிகுந்த கவனம் வேண்டும். இறந்தவரின் பெயரை உச்சரிப்பது யனோமாமி மக்களிடையே பெரும் அவமதிப்பாகும். உடலை எரித்து, எலும்புச் சாம்பலைப் பேணி, உறவினரும் அயல் கிராமத்தாரும் கூடும் பெருவிருந்தில் அதற்குரிய இறுதிக் கடனைச் செய்வார்கள். சில பகுதிகளில் அச்சாம்பலை வாழைப்பழக் கூழில் கலந்து உட்கொள்வதும் உண்டு. இதைக் கேட்டு மாணவர் முகம் சுளித்தால், நாமும் சாம்பலைக் கடலில் கரைத்து நினைவுநாளில் படையல் இட்டு உண்கிறோம் என்பதை நினைவூட்டுங்கள். இறந்தவரின் எந்தத் தடயமும் எஞ்சக்கூடாது என்பதே அவர்களின் முறையாகையால், நோயில் மடியும் நிலையில் இருப்போரின் படங்களைக் காட்டாமல் விடுவதே மரியாதை. அமெரிக்க ஆய்வாளர்கள் 1960களில் எடுத்துச்சென்ற இரத்த மாதிரிகள், கொடுத்தவர்கள் இறந்த பின்னரும் பல்லாண்டுகளாக உறைநிலையில் இருப்பதை அறிந்தபோது அம்மக்கள் துடித்தார்கள். நெடிய போராட்டத்தின் பின் 2015 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்பி வந்தன. சடங்கோடு மண்ணில் புதைத்தார்கள்.

ஒரு படத்தைக் காட்டலாம் என்றால், கிளோடியா அண்டுஹார் 1980களின் தொடக்கத்தில் எடுத்தவற்றில் ஒன்றைக் காட்டுங்கள். தடுப்பூசி அட்டைகளுக்காக எடுத்த அப்படங்களில் ஒவ்வொருவரின் கழுத்திலும் ஓர் இலக்கம் தொங்கும். பெயரைப் பொதுவில் சொல்வது வழக்கமில்லாததால் இலக்கம் கொடுத்தார்கள். அண்டுஹார் 1931 இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். தந்தையையும் தந்தைவழி உறவினரையும் நாசி முகாம்களில் இழந்தவர். ஐரோப்பாவில் சாவுக்காக இடப்பட்ட இலக்கத்தை, உயிர் காப்பதற்காகத் தாமே இட நேர்ந்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் மாணவரின் பெற்றோரில் பலர் இடப்பெயர்வு முகாமில் இலக்கம் சொல்லி அழைக்கப்பட்டவர்கள். அந்தப் படத்துக்கு முன்னால் மண்டபம் அமைதியானது.

இன்னொன்றும் உண்டு. வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர் கிழக்குப் பகுதிகளில் வேடர் வழிவந்த தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. அப்பிள்ளைகளில் ஒருவர் உங்கள் முன் அமர்ந்திருக்கக்கூடும். "உன் வீட்டில் எப்படி?" என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். தாமாகப் பேசினால் கேளுங்கள்.

வரைபடமும் அந்தக் கேள்வியும்

பிரேசிலில் யனோமாமி நிலம் 1992 மே 25 ஆம் திகதி, ஜனாதிபதி கொலோரின் ஆணை மூலம் சட்டபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பு 65,610. ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்த இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், பரப்பளவில் நம் முழுத் தீவும் அதற்குள் அடங்கி, பாதித் தீவளவு இடம் மிஞ்சும். அங்கு வாழ்வோர் 27,000 பேர் அளவில். எல்லைக்கு அப்பால், வெனிசுவேலாவில், ஒரினோகோ ஆற்றின் மேற்பகுதியிலும் இதே மக்கள் வாழ்கிறார்கள்.

எண்ணைச் சொன்னதுமே கை உயரும்: "இவ்வளவு குறைந்த பேருக்கு எதற்கு இவ்வளவு நிலம்?" இந்தக் கேள்வியை அடக்காதீர்கள். பிரேசிலில் சுரங்க ஆதரவாளர்கள் பல தசாப்தங்களாகக் கேட்பது இதையேதான், ஆகவே மாணவர் இதைத் தாமே எழுப்புவது அமர்வுக்குக் கிடைத்த பேறு. முன்னர் சொன்ன சேனைக்குத் திரும்புங்கள். ஒரு கிராமத்துக்கு இன்றைய தோட்டம் மட்டும் போதாது. நேற்றைய தோட்டம் காடாவதற்கும், நாளைய தோட்டத்துக்கும், வேட்டை விலங்குகள் இனம் பெருகுவதற்கும், பிணங்கிப் பிரிவோர் போவதற்கும் இடம் வேண்டும். வெறுமையாகத் தோன்றும் காடு ஓய்வெடுக்கும் வயல். எங்களூர் விவசாயி ஒருவர், குளத்தின் நீரேந்து பரப்பைப் பார்த்து "இங்கே ஒருவரும் இல்லையே" என்று காணி பிடிக்க வந்தவரைப் பற்றிச் சொன்னார். என் விளக்கத்தை விட அது நன்றாக இருந்தது.

தீங்கு எவ்வழியாக வருகிறது

இப்போதுதான் அச்சுறுத்தல்களுக்கு வர வேண்டும். கால வரிசையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1973 இல் பிரேசிலின் இராணுவ அரசு காட்டின் ஊடாக நெடுஞ்சாலை அமைக்கத் தொடங்கியது. வேலையாட்களோடு தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வந்தன, எதிர்ப்புச் சக்தி இல்லாத கிராமங்கள் அழிந்தன. 1987 இலிருந்து தங்கம் தேடி நாற்பதாயிரம் பேர் வரை புகுந்தார்கள். 1993 இல் ஹஷிமு என்ற இடத்தில் 16 யனோமாமி மக்களைத் தங்கம் தோண்டுவோர் கொன்றார்கள்; பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. ஒருமுறை வெளியேற்றப்பட்ட தங்கம் தோண்டுவோர் பின்னர் திரும்பி, 2022 அளவில் இருபதாயிரம் பேர் வரை பெருகினார்கள். 2023 ஜனவரி 20 ஆம் திகதி அரசு சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில், தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 570 பேர் என்ற கணக்கு அப்போது வெளிவந்தது.

ஆண்டுகளைக் காட்டிலும் நேரம் செலவிட வேண்டியது, தீங்கு நடக்கும் முறையில். தங்கம் தோண்டுவோர் ஆற்றங்கரையை உயரழுத்த நீரால் அடித்துக் கரைக்கிறார்கள். சேற்றிலுள்ள தங்கப் பொடியைப் பிடிக்கப் பாதரசம் சேர்க்கிறார்கள். (பாடநூலில் இது 'இரசம்' என்றிருக்கும், சிரித்து முடிக்க ஒரு நிமிடம் கொடுங்கள்.) கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். போன ஆவியும் சிந்திய திரவமும் ஆற்றில் சேர, நுண்ணுயிர்கள் அதை மெதைல் பாதரசம் என்ற நச்சாக மாற்றுகின்றன. அது மீனின் உடலில் ஏறுகிறது.

மஞ்சாடி இதற்குத்தான். பத்து மாணவர் சாளை மீன்கள். ஆளுக்கு இரண்டு விதை. இருவர் பாரை, ஆளுக்கு ஐந்து சாளையைப் 'பிடித்து' விதைகளை வாங்கிக்கொள்கிறார்கள். ஒருவர் இரண்டு பாரையையும் உண்ணும் மனிதர். கடைசியில் அவர் உள்ளங்கையில் இருபது விதைகள். முக்கஜாய் ஆற்றின் மேற்பகுதியில் ஒன்பது கிராமங்களில், பிரேசிலின் ஃபியோக்ருஸ் ஆய்வு நிறுவனம் 2022 இல் ஏறத்தாழ முந்நூறு பேரின் முடியைச் சோதித்தபோது, பாதரசம் இல்லாத ஒருவர்கூட இருக்கவில்லை. கருவிலுள்ள குழந்தையின் மூளையை இது தாக்கும் என்பதையும் சொல்லுங்கள். கூடவே, திருகோணமலைக் கடலில் அத்தகைய சுரங்கம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்ததால் ஒரு பையன் அன்றிரவு அறுக்குளா மீன் குழம்பைத் தொட மறுத்தான். மறுநாள் அவனுடைய தாயார் வாசிகசாலை வாசலில் நின்றார். உடைந்த வெப்பமானியிலிருந்து பாதரசம் எடுத்துக் காட்டும் எண்ணம் எவருக்கும் வர வேண்டாம்.

பட்டினியை மட்டும் தனியாக எடுத்து விளக்குங்கள், ஏனெனில் காட்டில் உணவு இருக்க ஏன் பசி என்று கேட்பார்கள். தோண்டிய குழிகளில் நீர் தேங்குகிறது, நுளம்பு பெருகுகிறது, மலேரியா வருகிறது. நம் மாவட்டத்தின் மூத்தவர்களுக்கு அக்காய்ச்சல் நன்கு தெரியும். இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பால் அறிவிக்கப்பட்டது 2016 இல்தான். வளர்ந்தவர்கள் காய்ச்சலில் விழுந்தால் தோட்டம் நடும் பருவம் தவறுகிறது. பெரும்போகத்து விதைப்பைத் தவறவிட்ட குடும்பம் மாசியில் எப்படி இருக்கும் என்று வயற்காரர் வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் மிகுதியை அவரே சொல்வார். இயந்திர இரைச்சலில் விலங்குகள் ஓடிவிடுகின்றன; ஆறு கலங்கிவிடுகிறது; சில இடங்களில் மருந்து இறங்க வேண்டிய விமான ஓடுபாதையையே தங்கம் தோண்டுவோர் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கைகட்டி நிற்பவர்கள் அல்லர் என்பதும் அமர்வில் இடம்பெற வேண்டும். டேவி கொப்பெனாவா என்ற ஷாமன் (ஆவிகளோடு உறவாடிச் சடங்கு செய்பவர்) பல தசாப்தங்களாக உலகெங்கும் சென்று தம் மக்களுக்காகப் பேசிவருகிறார். 2004 இல் ஹுட்டுகாரா என்ற சங்கத்தை அமைத்தார். வெளியாரைப் பண்டங்களின் மக்கள் என்றும், தங்கம் தோண்டுவோரை நிலம் தின்போர் என்றும் அழைக்கிறார். வானம் முன்னொரு காலத்தில் இடிந்து விழுந்தது, இப்போதுள்ள வானத்தை ஷாமன்கள் காட்டின் ஆவிகளோடு சேர்ந்து தாங்கிப் பிடிக்கிறார்கள், அவர்கள் அழிந்தால் அது எல்லோர் தலையிலும் விழும் என்பது அவர்களின் நம்பிக்கை. இதைக் கதையாக அன்றி, அவர்கள் சொல்வதாகவே சொல்லுங்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம்

"இந்தத் தங்கம் எங்கே போகிறது?" என்ற கேள்விக்கு நேரம் ஒதுக்கி வையுங்கள். அது பெரும்பாலும் நகை அணிந்த மாணவியிடமிருந்து வரும். உருக்கிய பின் தங்கத்துக்கு ஊர் இல்லை. பிரேசிலில் 2013 ஆம் ஆண்டின் சட்டமொன்று, தங்கம் எங்கிருந்து வந்தது என்று விற்பவர் சொல்வதை வாங்குபவர் நம்பினால் போதும் என்றிருந்தது. உயர் நீதிமன்றம் 2023 இல்தான் அதை இடைநிறுத்தியது. ரொறைமா மாநிலத் தலைநகரான போவா விஸ்தாவின் நடு மைதானத்தில், தங்கம் அரிப்பவருக்கு ஒரு சிலை நிற்கிறது. இவ்விரு தகவல்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். தாலிக்கொடியைக் குற்றவாளியாக்கும் பேச்சு வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாயோடு சண்டை பிடிப்பார்கள்.

அமர்வு முடிந்ததும் மஞ்சாடிகளை எண்ணி எடுங்கள். சிறு குழந்தைகள் வாயில் போட்டுவிடுவார்கள். டிமை தாள்களைச் சுருட்டி, கேட்கும் அடுத்த வாசிகசாலைக்குக் கொடுத்துவிடலாம். கோலமா வட்டத்தைக் கூட்ட வேண்டாம். இரவுக்குள் எறும்பும் காற்றும் அதைக் கொண்டுபோய்விடும்.